துருவ ஒளி கேள்வி-பதில்: கேபி எண்ணைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்

கே: துருவ ஒளி பார்க்க நார்வேயின் டிராம்சோ வந்திருக்கிறோம். பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் கேபி எண் இன்று 2தான். வெளியே போய்ப் பயன் உண்டா?

ப: தாராளமாகப் போங்கள். இந்தக் கேபி மோகத்தால் நல்ல இரவுகளை அறையிலேயே தொலைத்தவர்கள் ஏராளம். பல நிலையங்களின் அளவுகளைச் சேர்த்து 3 மணி நேரத்துக்கு ஒருமுறை தரும் உலகச் சராசரி அது. உங்கள் தலைக்கு மேல் இந்த நிமிடம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. டிராம்சோ 70 டிகிரி வடக்கில், துருவத்தைச் சுற்றி இந்த ஒளி வழக்கமாகத் தோன்றும் வளையத்துக்குக் கீழேயே இருக்கிறது. கேபி 1, 2 போதும். 6, 7 வேண்டும் என்பது தெற்கே தள்ளி இருப்பவர்களின் கவலை. நீங்கள் பார்க்க வேண்டியது பி-இசட்: சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வரும் மின்துகள் ஓட்டம், சுமந்து வரும் காந்தப்புலம் வடக்கே (பிளஸ்) திரும்பியிருக்கிறதா, தெற்கே (மைனஸ்) திரும்பியிருக்கிறதா என்று காட்டும் எண். அது மைனஸ் 5க்குக் கீழே இறங்கி அரை மணி நேரம் அங்கேயே நின்றால் ஜாக்கெட்டை மாட்டுங்கள். பிளஸிலேயே நின்றால், சூரியக் காற்று விநாடிக்கு 600 கிமீ வேகத்தில் வந்தாலும் பெரிய ஆட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். கேபி, பி-இசட் இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது மேகப் படம்.

கே: அடுத்த மாதம் 14ஆம் தேதி ஒளி வானில் தெரியுமா? டிக்கெட் போட வேண்டும்.

ப: யாராலும் சொல்ல முடியாது. சூரியனில் வெடித்துக் கிளம்பிய மின்துகள் மேகம் இங்கே வர 1 முதல் 3 நாள். அதன் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது 15 லட்சம் கிமீ தொலைவில் உள்ள செயற்கைக்கோளைத் தொட்ட பிறகே உறுதியாகும். அப்போது கையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. சூரியனின் வெளி வளிமண்டலத்தில் உள்ள கொரோனா துளைகளிலிருந்து வரும் வேகக் காற்று மட்டும், சூரியன் ஒரு சுற்றுச் சுற்றியதும், சுமார் 27 நாளில் திரும்பி வரும், அதுவும் உத்தேசம்தான். ஓர் இரவை நம்பாமல் 4, 5 இரவு தங்குங்கள்.

கே: ஜூலையில் போகலாமா?

ப: வேண்டாம். அங்கே அப்போது இருட்டவே இருட்டாது. செப்டம்பர் முதல் மார்ச்.

கே: எடுத்த படமெல்லாம் கலங்கல். ஏன்?

ப: எந்த லென்ஸ், எத்தனை விநாடி என்று ஒரு வரி எழுதக்கூடாதா? பெரும்பாலும் ஃபோகஸ்தான் காரணம். ஆட்டோஃபோகஸை அணையுங்கள். பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை வளையத்தைத் திருப்பி, டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸில் அச்சிட்ட முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, 5 முதல் 10 விநாடி. வானில் ஒளி வேகமாக ஆடினால் 2, 3 விநாடி. திரும்பும்போது வெளியிலேயே கேமராவைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். வெதுவெதுப்பான அறையில் அப்படியே திறந்தால் லென்ஸ் முழுக்க நீர் கோக்கும்.

கே: படத்தில் பச்சை, கண்ணுக்குச் சாம்பல். ஏமாற்றா?

ப: இல்லை. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. ஒளி பலமானால் பச்சை தெரியும். ஃபோன் திரையை அடிக்கடி பார்த்தால் அதுவும் போச்சு: இருட்டுக்குக் கண் பழக மறுபடி 20 நிமிடம்.

கே: இரவு பத்து மணிக்கு ஒளி மறைந்தது, திரும்பிவிட்டோம். சரிதானே?

ப: அவசரப்பட்டீர்கள். அது வெடித்து, அடங்கி, மறுபடி வெடிக்கும். மேகப் படம் தெளிவாக இருந்தால் நள்ளிரவு தாண்டி 1 மணி வரை நில்லுங்கள்.