மண்ணீரல் எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தால்? கேள்வி பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து: டாக்டர், பைக் விபத்தில் என் தம்பிக்கு மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்கும் போகிறான். இனி பயமில்லையே?

காய்ச்சல் ஒன்றுக்கு மட்டும் பயப்படத்தான் வேண்டும். ரத்தத்தில் புகும் கிருமிகளை வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாத உடம்பில் நிமோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய கிருமிகள் மளமளவெனப் பெருகும். காலையில் குளிர் நடுக்கம் என்று தொடங்கி மறுநாளே உயிருக்கு ஆபத்தாகிவிடலாம். 'ஒரு பாராசிட்டமால் போட்டுப் பார்ப்போம்' என்ற பேச்சே வேண்டாம். அவசரத்துக்கென்று டாக்டர் எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக் கையில் இருந்தால் முதல் டோஸைப் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பட்டும். நடுராத்திரி என்றாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகலாம். அங்கே 'காய்ச்சல்' என்பதோடு நிறுத்தாமல், 'எனக்கு மண்ணீரல் இல்லை' என்பதை முதலில் சொல்ல வேண்டும். பர்சிலும் எழுதி வைக்கட்டும். மயங்கிவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. ஆபரேஷன் முடிந்து எத்தனை வருடமானாலும் இதில் மாற்றமில்லை.

காசிமேட்டிலிருந்து: 8 வயது மகளுக்கு அடுத்த மாதம் மண்ணீரல் எடுக்கப் போகிறார்கள். தடுப்பூசியை அப்புறம் போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம்மா, முன்னாலேயே போடுங்கள். ஆபரேஷனுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பு போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். நிமோகாக்கல், மெனிங்கோகாக்கல், ஹிப் (Hib) தடுப்பூசிகள் மூன்றும் தேவை. தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள். எது பாக்கி என்று பார்த்துச் சொல்வார்கள். ஃப்ளூ ஊசி வருடாவருடம், மெனிங்கோகாக்கல் 5 வருடத்துக்கு ஒருமுறை. பென்சிலின் மாத்திரை கொடுத்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

(தண்டையார்பேட்டைக்காரருக்கு: தம்பிக்கு அவசர ஆபரேஷன் என்பதால் 2 வாரம் கழித்துப் போட்டிருப்பார்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் இப்போதும் போடலாம்.)

வியாசர்பாடியிலிருந்து: எனக்கும் மண்ணீரல் இல்லை சார். நேற்று தெருநாய் லேசாகக் கடித்தது. ரேபீஸ் ஊசி போட்டாச்சு, போதும்தானே?

போதாது. நாய் எச்சிலில் இருக்கும் ஒரு கிருமி மண்ணீரல் இல்லாதவர்களைப் படுமோசமாகத் தாக்கும். சின்னக் கீறலாக இருந்தாலும் இன்றே டாக்டரைப் பார்த்து ஆன்டிபயாட்டிக் கேளுங்கள். ரேபீஸ் ஊசியின் மீதி டோஸ்களையும் விடாதீர்கள்.

ராயபுரத்திலிருந்து: மண்ணீரல் இல்லாத எனக்குக் கொசுக்கடியாலும் ஆபத்தா?

ஆமாம், உங்களுக்கு மலேரியா வந்தால் கடுமையாகும். சென்னையில் அதைப் பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மொட்டைமாடி டேங்க்கை இறுக மூடுங்கள், வலை கட்டிப் படுங்கள். காய்ச்சலுக்கு ரத்தம் எடுக்கும்போது மலேரியாவுக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.