கண்ணை மூடினால் கடைக்கணக்கு: தியானம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

மருத்துவக் கல்லூரியில் பிசியாலஜி நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார் நான். தியானமும் பழகுகிறேன். சக்கரம், குண்டலினி பக்கம் நான் போகப்போவதில்லை. மூச்சு, நரம்பு, கவனம் ஆகிய மூன்றுக்குள் அடங்கும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கண்ணை மூடினால் மளிகைக் கடைப் பாக்கி, நாத்தனார் சொன்ன சொல், சிலிண்டர் புக் பண்ணினேனா இல்லையா என்று எல்லாம் வரிசைகட்டி வருகிறது. எனக்குத் தியானம் வரவே வராதா ஐயா?
*(இல்லத்தரசி, திண்டுக்கல்)*

உங்களுக்கு நன்றாகவே வருகிறது அம்மா. சிலிண்டர் நினைப்பு ஓடும்போது ஏதோ ஒரு கட்டத்தில் "அடடா, மூச்சைப் பார்க்க உட்கார்ந்தோம், எங்கேயோ போய்விட்டோமே" என்று உறைத்திருக்கும். அந்த நொடிதான் பயிற்சி. மொட்டைமாடியில் வடகம் காயப்போட்டுக் காவல் இருந்திருப்பீர்கள். காக்கா வருவது உங்கள் குற்றம் இல்லை. வந்ததைக் கவனித்து ஓட்டுவதுதான் உங்கள் வேலை, அதைத் திட்டிக்கொண்டே ஓட்டவும் தேவையில்லை.

மனம் அலைவது உங்களுக்கு மட்டும் உள்ள கோளாறும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர் 2010-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2,250 பேரிடம் செல்போன் வழியாக எதிர்பாராத நேரங்களில் "இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது" என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 47 சதவீத நேரம் மனம் கையில் இருக்கும் வேலையில் இல்லை. ஒரு வேலையும் கொடுக்காமல் விட்டால் மூளையின் சில பகுதிகள் கூட்டாகச் சுறுசுறுப்படைகின்றன. "டீஃபால்ட் மோட் நெட்வொர்க்" என்று அதைச் சொல்வார்கள். நேற்று நடந்தது, நாளை வரப்போவது, அவர் நம்மைப் பற்றி என்ன நினைத்தார் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே ஓடும் கதைதான். அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. மனத்தை வெற்றாக்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

சுற்றி வளைக்காமல் எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லுங்கள் சார்.
*(ஐடி ஊழியர், சோழிங்கநல்லூர்)*

சரி. காலையில் பல் துலக்கியதும், காபிக்கு முன்னால், போனில் 10 நிமிடம் டைமர் வையுங்கள். போனைக் கவிழ்த்து எட்ட வைத்துவிடுங்கள். நாற்காலியில் உட்காரலாம், பாதம் இரண்டும் தரையில் பதியட்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், விறைப்பாக வேண்டாம்.

மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறது என்று தேடுங்கள். சிலருக்கு மூக்கு நுனியில், உள்ளே போகும் காற்று சற்றுக் குளிர்ச்சியாகவும் வெளியே வருவது வெதுவெதுப்பாகவும் தெரியும். சிலருக்கு வயிறு ஏறி இறங்குவது தெரியும். ஒரே இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு வெளியேறும்போது மனத்துக்குள் ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பத்து வந்ததும் மறுபடி ஒன்று. எண்ணிக்கை தொலைந்தால் எங்கே விட்டோம் என்று ஆராய வேண்டாம், ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திடீரென்று பார்த்தால் 17, 18 என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். எண்ணிக்கை பாட்டுக்கு ஓடும், நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பீர்கள். பத்தில் நிறுத்தச் சொல்வது அதைக் கண்டுபிடிக்கத்தான்.

மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், ஆழமாக்கவும் வேண்டாம். அது தன் போக்கில் நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்ற கணக்கு வேண்டாம். தினம் 10 நிமிடம் போதும்.

சம்மணம் போட்டால் பத்தே நிமிடத்தில் கால் மரத்துப்போகிறது. தாங்கிக்கொள்ள வேண்டுமா?
*(கல்லூரி மாணவர், நாமக்கல்)*

வேண்டாம் தம்பி. நரம்பு அழுந்துவதால்தான் மரக்கிறது, அதைத் தாங்கிக்கொள்வதில் ஒரு தவமும் இல்லை. போர்வையை மடித்துப் புட்டத்துக்குக் கீழே வையுங்கள், இடுப்பு முட்டியை விட உயர்ந்தால் பாதிப் பிரச்சினை தீரும். இல்லாவிட்டால் நாற்காலி.

நான் தினமும் ஜெபமாலை சொல்பவள். தியானம் செய்தால் வேறு மதத்துக்குள் போவதாகிவிடுமோ என்று தயக்கம்.
*(ஓய்வு பெற்ற செவிலியர், தூத்துக்குடி)*

சிஸ்டர், உங்களுக்காகவே ஓர் ஆய்வு இருக்கிறது. இத்தாலியில் செய்தது, 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலையும், "ஓம் மணி பத்மே" என்று தொடங்கும் மந்திரமும் சொல்ல வைத்து மூச்சையும் இதயத் துடிப்பையும் பதிவு செய்தார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்கு மேல் ஓடும் மூச்சு, இரண்டிலும் ஆறுக்கு அருகே வந்து நின்றது.

அந்த ஆறில் என்ன விசேஷம் என்பதை நீங்களே பார்க்கலாம். நாடி பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மணிக்கட்டில் விரலை வைத்து ஐந்து விநாடி மூச்சை இழுத்து, ஐந்து விநாடி விடுங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தளரும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வயது ஏற ஏற இந்த வித்தியாசம் குறையும், அதனால் உங்களைவிடப் பேரப்பிள்ளை கையில் பளிச்சென்று தெரியும். இந்த நரம்புக்கு மதம் கிடையாது. ஜெபமாலையை நிதானமாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

எட்டு வாரம் தியானம் செய்தால் மூளை வளரும் என்று வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?
*(ஆசிரியர், பெரம்பலூர்)*

அந்தப் பேச்சு 2011-ல் வந்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பியது. எட்டு வாரப் பயிற்சிக்குப் பிறகு மூளையின் சில பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் அடர்த்தி கூடியதாக அது சொன்னது. ஆனால் தியானப் பயிற்சி பெற்றவர்கள் பதினாறே பேர். 2022-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு அதைவிட அதிகம் பேரை வைத்து, ஒப்பிடும் குழுக்களும் சேர்த்துச் செய்து பார்த்தபோது அப்படி ஒரு மாற்றமும் தென்படவில்லை. முதல் செய்தி ஊர் சுற்றியது, இரண்டாவதை யாரும் ஃபார்வர்டு பண்ணவில்லை.

அப்படியானால் எதற்குத்தான் பலன்? எனக்கு பிபி, சுகர் இரண்டும் உண்டு. மாத்திரையைக் குறைக்கலாமா?
*(வங்கி ஓய்வூதியர், தஞ்சாவூர்)*

மாத்திரையில் கை வைக்காதீர்கள் ஐயா. பிபி கொஞ்சம் இறங்கலாம், ஆனால் அளவை மாற்றுவது உங்கள் டாக்டர் வேலை.

பலன் என்று கேட்டால், 2014-ல் அமெரிக்காவில் 47 ஆய்வுகளைச் சேர்த்து, சுமார் 3,500 பேரின் விவரங்களை அலசினார்கள். பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகிய மூன்றிலும் ஓரளவு பலன் தெரிந்தது. தூக்கம், உடல் எடை, கவனக்கூர்மை பற்றிய சான்று பலவீனமாக இருந்தது. உடற்பயிற்சியையோ மருந்தையோ விட இது மேல் என்றும் சொல்ல முடியவில்லை. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. செலவில்லாத ஒரு பழக்கம் இந்த அளவு உதவினாலே பெரிய விஷயம்.

2023-ல் இன்னொன்று வந்தது. பதற்றக் கோளாறு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு எஸ்சிடலோப்ராம் மாத்திரை, மீதிப் பேருக்கு எட்டு வாரத் தியான வகுப்பு. முடிவில் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு குணம். ஆனால் அந்த வகுப்பு, ஜான் கபட்-ஜின் என்பவர் 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய முறை. வாரம் ஒரு முறை நீண்ட வகுப்பு, வீட்டில் தினம் முக்கால் மணி நேரம் பயிற்சி. ஆப்பில் ஐந்து நிமிடம் மணியோசை கேட்டுவிட்டு அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

நீல ஒளி தெரிகிறது, உடம்பு மிதக்கிறது. நான் முன்னேறுகிறேனா?
*(தொழில்முனைவோர், திருப்பூர்)*

கண்ணை மூடினாலும் விழித்திரையும் மூளையின் பார்வைப் பகுதியும் சும்மா இருப்பதில்லை, அதுதான் ஒளி. அசையாமல் இருந்தால் மூட்டும் தசையும் அனுப்பும் தகவல் குறைகிறது, கை எங்கே கால் எங்கே என்ற கணக்கு மூளைக்குக் குழம்புகிறது, அதுதான் மிதப்பு. ரசித்துவிட்டு மூச்சுக்குத் திரும்புங்கள். நாளைக்கும் அதே நீலம் வரவில்லையே என்று தேட ஆரம்பித்தால் தியானம் போய்விடும்.

மூச்சைக் கவனித்தால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, மூச்சு நின்றுவிடுமோ என்று பயம் வருகிறது. எல்லோரும் "தொடர்ந்து செய், சரியாகிவிடும்" என்கிறார்கள்.
*(பெயர் வேண்டாம் என்றவர், கோயம்புத்தூர்)*

தொடராதீர்கள் அம்மா. பீதித் தாக்குதல் வருபவர்களுக்கு உடம்புக்குள் கவனம் போவதே பயத்தைக் கிளப்பலாம். கண்ணைத் திறந்தே வையுங்கள். மூச்சை விட்டுவிட்டுப் பாதம் தரையில் பதிந்திருப்பதைக் கவனியுங்கள், அல்லது வெளியே கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாக. இரண்டு நிமிடம் போதும். அதிலும் படபடப்பு வந்தால் எழுந்து நடந்துவிடுங்கள்.

தியானத்தில் பாதகம் வரவே வராது என்பது தவறான பிரசாரம். பிரவுன் பல்கலைக்கழகத்தில் தியானிகளிடம் விரிவாகப் பேசிப் பதிவு செய்திருக்கிறார்கள். பயம், தூக்கமின்மை, தன் உடம்பே தன்னுடையது இல்லை என்ற உணர்வு எல்லாம் அதில் உண்டு. உங்கள் படபடப்புக்கு ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே பேச வேண்டுமானால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.

அப்போ 10 நாள் மௌன முகாமுக்குப் போகலாமா கூடாதா? நண்பர் போய்வந்து ஆகா ஓகோ என்கிறார்.
*(ஓட்டுநர், சென்னை)*

கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபாசனா தியான முகாமைத்தானே சொல்கிறீர்கள்? கட்டணம் கிடையாது, பேச்சு கிடையாது, விடியற்காலை நான்கு மணிக்கு மணி அடிப்பார்கள், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். திடமான மனநிலை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் வீட்டில் 20 நிமிடம் உட்கார்ந்து பழகாமல் நேரே அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன். மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வருவது) இருந்தவர்களும், அண்மையில் பெரிய துக்கத்தைச் சந்தித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம். விண்ணப்பத்தில் உடல்நலம், மனநலம் பற்றிக் கேட்பார்கள். இடம் கிடைக்க வேண்டும் என்று மறைக்காதீர்கள்.

எட்டாம் வகுப்பு மகனை உட்கார வைக்கிறேன், நெளிகிறான்.
*(தந்தை, விருதுநகர்)*

விளையாட விடுங்கள். பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் அதிகமான மாணவர்களை வைத்துச் சோதித்து 2022-ல் முடிவு சொன்னார்கள். வகுப்பில் தியானம் கற்றுக்கொடுத்த பள்ளிகளுக்கும் மற்றவற்றுக்கும் மாணவர்களின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. நீங்கள் தினமும் உட்காருங்கள், அவனுக்குத் தோன்றினால் பக்கத்தில் வந்து உட்காருவான்.

உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடுகிறது. இரவுப்பணி எனக்கு.
*(ஆலைத் தொழிலாளி, ஓசூர்)*

சாப்பிட்ட கையோடு உட்காராதீர்கள், கண்ணைப் பாதி திறந்து வையுங்கள், வேண்டுமானால் நின்றுகொண்டே செய்யுங்கள். ஆனால் உங்கள் விஷயத்தில் இது தியானக் கோளாறு இல்லை தம்பி, தூக்கப் பாக்கி. முதலில் ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டு, பகலில் ஏழு மணி நேரம் தூங்குங்கள். அப்புறம் உட்காரலாம்.