அரச வீட்டுச் சோறு

அன்புள்ள ஐயா,

ஹாங்காங்கில் கணக்கு வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டின்போது உடன் வேலை செய்பவர் ஒருவர், தன் மாமா மூன்று வருடமாக 'வோங் கா ஃபான்' சாப்பிடுகிறார் என்றார். 'வோங் கா' அரச குடும்பம், 'ஃபான்' சோறு; அந்த அளவுக்குக் கான்டனீஸ் தெரியும். சர்க்கார் உத்தியோகம் போல என்று நினைத்து, "பென்ஷன் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். மேசையில் இருந்த நாலு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன தப்பாகக் கேட்டேன்?

மு.

அன்புள்ள மு.,

மாமா ஜெயிலில் இருக்கிறார். நாம் 'களி தின்கிறான்' என்போமே, அதுதான்.

உங்கள் ஊகம் ஒன்றும் அசட்டுத்தனமில்லை. பெய்ஜிங் பக்கத்துச் சீனத்தில் 'ஹுவாங் லியாங்', அதாவது அரச தானியம், தின்பவர் என்றால் அரசுச் சம்பளக்காரர்தான். கான்டனீஸிலேயே 'வோங் கா குங்', அரச வேலை, என்றால் சர்க்கார் உத்தியோகம். மாமா பார்ப்பது அரச வேலை என்று அவர் சொல்லியிருந்தால் நீங்கள் பென்ஷனைப் பற்றித் தாராளமாகக் கேட்டிருக்கலாம். சோறு என்று வந்ததும் கதை மாறிவிடுகிறது.

பிரிட்டிஷ் ஆட்சியில் பிறந்த கிண்டல் இது. பிடித்து உள்ளே போட்டதும் ராணியின் அரசு, உலை வைத்ததும் அதே அரசு. 1997இல் ஊர் சீனாவின் கைக்குப் போனபோது, போலீஸ் 1969இல் வாங்கிய 'ராயல்' பட்டம் போனது. சிவப்புத் தபால்பெட்டிகளுக்குப் பச்சை பூசினார்கள். இந்தச் சோற்றில் மட்டும் அரச குடும்பம் அப்படியே இருக்கிறது! (உள்ளே எல்லாருக்கும் சோறுதான் என்றும் இல்லை. நம் பக்கத்து ஆட்களுக்குச் சப்பாத்தி, குழம்பு என்று தனிப் பட்டியலே உண்டு.)

இன்னும் இரண்டைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கைதிக்கு 'காம் தன்' என்று ஒரு பெயர். 'காம்' சிறை, 'தன்', பாலத்தைத் தாங்கி நிற்கும் கல் அடித்தூணுக்குச் சொல்லும் அதே சொல். போட்ட இடத்தில் கிடக்கும் கல். அப்புறம், 'சாக்' என்றால் பதிவேடு. 'யாப் சாக்', ஏட்டுக்குள் போவது: சிறைக்குப் போவது. 'சுட் சாக்', ஏட்டிலிருந்து வெளியே வருவது.

நண்பரிடம் நீங்களாக மாமா பேச்சை எடுக்க வேண்டாம். ஒருநாள் அவரே வந்து 'சுட் சாக்' என்று சொன்னால், அன்றைய தேநீர் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.