டிபிஎஃப் விளக்கு எரிகிறது, ஆயில் அளவும் ஏறுகிறது: என்ன செய்வது?

கேள்வி: பிஎஸ்6 டீசல் பிக்கப்பில் தினமும் குலசேகரத்திலிருந்து மார்த்தாண்டத்துக்கு ரப்பர் ஷீட் ஏற்றுகிறேன். போன தடவை மெக்கானிக் விலை குறைவு என்று சிஐ-4 தர இன்ஜின் ஆயில் ஊற்றினார். இப்போது டிபிஎஃப் (சைலன்சரில் புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது, ஆயில் அளவும் ஏறுகிறது. ஆயிலுக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?
- வாசகர், குலசேகரம்

பதில்: ஒரு தடவை ஊற்றிய ஆயிலால் மட்டும் விளக்கு எரியாது. எரியவைப்பது உங்கள் ஓட்டம்தான். வளைவும் நெரிசலுமான குறைந்த தூரத்தில் சைலன்சர் சூடாவதில்லை. பில்டரில் சேரும் கரி எரிய சுமார் 600 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டுக்காக இன்ஜின் கூடுதல் டீசலைப் பீய்ச்சும். பாதியில் வண்டியை அணைத்தால் அதில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். அளவு ஏறுவது அதனால்தான்.

ஆயில் செய்யும் கேடு வேறு. அது மெதுவானது, திரும்பாதது. ஆயிலில் கால்சியம், துத்தநாகச் சேர்மானங்கள் உண்டு. சிலிண்டரில் எரியும் ஆயிலோடு அவை சாம்பலாகி பில்டரில் தங்கும். கரி எரிந்துபோகும், சாம்பல் எந்தச் சூட்டிலும் போகாது. சிஐ-4 வகையில் சாம்பல் சத்து 1.5 சதவீதம் வரை இருக்கும். பில்டர் உள்ள வண்டிக்கான சிகே-4 வகைக்கு உச்சவரம்பு 1 சதவீதம், ஐரோப்பியத் தரமான ஏசிஇஏ சி3-க்கு 0.8. கணக்குப் பாருங்கள்: ஒரு லிட்டர் ஆயில் சுமார் 860 கிராம். அது முழுதும் எரிந்தால் முதல் வகையில் 12, 13 கிராம் சாம்பல், சி3-ல் 7 கிராமுக்குள். பில்டர் அடைபட்டால் பின்னழுத்தம் கூடி டீசல் செலவு ஏறும், கரி சுத்திகரிப்பும் அடிக்கடி நடக்கும். பில்டர் இல்லாத பழைய வண்டியில் இந்தச் சாம்பலும் ஆயில் ஆவியும் நுண்துகள்களாக நேரே காற்றில் கலக்கும்; கண்ணுக்குப் புகை தெரியாவிட்டாலும் நுரையீரலின் ஆழம் வரை போகும்.

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது சமதளத்தில் டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டி, டீசல் வாடையும் வந்தால், கொஞ்சம் மட்டும் வடித்துவிட்டு அதே ஆயிலில் ஓட்டாதீர்கள். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்னும். அளவு மிகுந்தால் பிரீதர் (இன்ஜின் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஆயில், காற்று உள்ளே போகும் இன்டேக்குக்குள் போய், இன்ஜின் தன் ஆயிலையே எரித்து அடங்காமல் ஓடவும் கூடும். ஆயிலையும் ஆயில் பில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். கையேட்டில் சொன்ன தரம் மட்டுமே.

பிறகு வாரம் ஒருமுறை விடிகாலையில் காவல்கிணறு நாற்கரச் சாலையில் மணிக்கு 50-60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் அணைக்க வேண்டாம். விளக்கு மின்னினாலோ இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ ஓட்டிப் பார்க்காமல் ஸ்கேனர் உள்ள வொர்க்ஷாப்புக்குப் போங்கள். டிபிஎஃப் பில்டரைக் கழற்றி வீசச் சொன்னால் கேட்காதீர்கள்.

அடுத்த முறை லூஸ் ஆயில் வேண்டாம். சீல் உடைக்காத டின்னை உங்கள் முன் திறக்கச் சொல்லி, லேபிளில் தரத்தைப் படித்தபின் ஊற்றச் சொல்லுங்கள்.