'சூழலுக்கு உகந்த' தீவு விடுதி: பணம் கட்டும் முன் கொல்லைப்புறத்தை விசாரியுங்கள்

கேள்வி: வரும் ஜூலையில் எங்களுக்குத் திருமண வெள்ளிவிழா. மாலத்தீவில் தனித்தீவு விடுதி ஒன்றில் நான்கு இரவு தங்க மகன் ஏற்பாடு செய்கிறான். பார்க்கும் விடுதியெல்லாம் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்றே போட்டிருக்கிறது. எது நிஜம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரவுக்கு 600 டாலர் என்கிறார்கள். அதற்குமேல் என்னென்ன வரும்? நான் சுத்த சைவம், கணவர் மீன் சாப்பிடுவார். (வாசகி, கோவை)

பதில்: அம்மா, எட்டு வருடம் அந்தத் தீவுகளில் தண்ணீர், மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். விருந்தினர் கடலைப் பார்த்தபடி இளநீர் குடிக்கும்போது நாங்கள் தென்னை மறைவில் ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். அதனால் என் பதிலில் கொஞ்சம் டீசல் வாடை அடிக்கும்.

மாலத்தீவில் ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது வழக்கம். ஆறு, ஏரி கிடையாது. குளிக்கவும் குடிக்கவும் கடல்நீரை உப்புநீக்கித்தான் ஆகவேண்டும். ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒரு லிட்டர் டீசல் எரித்தால் கிடைப்பது சுமார் மூன்றரை யூனிட். ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு லிட்டர் டீசல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, ஏசிக்கு வருவோம். பெரிய வில்லாவில் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கிறது என்றால் பத்து மணி நேரத்தில் பதினைந்து யூனிட். நாலாயிரம் லிட்டர் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம் அது. கட்டிலில் 'துண்டை மறுபடி பயன்படுத்திப் பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று அட்டை வைத்திருப்பார்கள். நல்லதுதான். ஆனால் கடல்காற்று வரட்டும் என்று கதவைத் திறந்துவைத்துவிட்டு ஏசியை ஓடவிட்டால், அந்தத் துண்டு மிச்சப்படுத்தியது எந்த மூலைக்கு?

எனவே விடுதிக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது 'நீங்கள் சூழலுக்கு உகந்தவர்களா?' என்று கேட்காதீர்கள். ஆமாம் என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்தில் எவ்வளவு பங்கு சூரிய ஒளியிலிருந்து வருகிறது, குடிநீரைத் தீவிலேயே கண்ணாடிப் பாட்டிலில் நிரப்புகிறீர்களா, குப்பை கடைசியில் எங்கே போகிறது, கழிவுநீர் சுத்திகரிப்பைக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். குப்பைக் கேள்வி முக்கியம். தலைநகர் மாலேக்கு அருகே திலாஃபுஷி என்ற தீவு 1990-களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டியே வளர்ந்தது. பல விடுதிகளின் குப்பையும் அங்கேதான் போயிற்று. ஒழுங்காக நடத்தும் இடத்தில் உணவுக் கழிவு உரமாகும், கண்ணாடி நொறுக்கப்பட்டுக் கட்டட வேலைக்குப் போகும், அந்த இடத்தை விருந்தினருக்குப் பெருமையோடு சுற்றிக் காட்டுவார்கள். பா அடோலில் 1995 முதல் நடக்கும் சொனேவா ஃபுஷி இதற்குப் பேர்போனது. உங்கள் மகன் சொல்லும் தொகைக்கு அது எட்டாது. (அடோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்திட்டு. ஆங்கிலத்துக்கே அந்தச் சொல் மாலத்தீவின் திவேஹி மொழியிலிருந்துதான் போனது.) கொல்லைப்புறத்தைக் காட்டத் தயங்குகிற விடுதியை நான் நம்பமாட்டேன். கிரீன் குளோப், எர்த்செக் போன்ற சான்றிதழ் இருந்தால் நல்லது. அது எந்த ஆண்டு வரை செல்லும் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புகைப்படத்திலேயே ஒரு துப்பு கிடைக்கும். கரையோர நீர் மாசுமறுவற்ற வெளிர்நீலமாக இருந்தால் நாம் சொக்கிப்போகிறோம். சில இடங்களில் அப்படித் தெரிவதற்காகவே கடற்புல்லைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். ஆமை மேய்வதும் குஞ்சு மீன் ஒளிவதும் அந்தப் புல்லில்தான். மணலைப் பிடித்துவைப்பதும் அதன் வேர். நீரில் கருந்திட்டுகள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள்.

தண்ணீர்மேல் கட்டிய வில்லா வேண்டாம், கரையில் உள்ளதை எடுங்கள் என்பது என் கட்சி. பவளத்தட்டில் தூண் இறக்கிக் கட்டுவது எனக்கு என்றைக்கும் பிடித்ததில்லை. அது போகட்டும், ஜூலை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். இரவெல்லாம் அலை தூணில் மோதும். வாடகையும் பெரும்பாலும் கரையில்தான் குறைவு.

ஜூலை என்றதும் மழைக்காலமாயிற்றே என்று யாராவது பயமுறுத்துவார்கள். மழை வரும், கடல் கொந்தளிக்கும், உண்மைதான். ஆனால் பா அடோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூட்டமாக மிதவையுயிர் மேய வருவது அந்த மாதங்களில்தான். நம் கடலோரத்தில் கொம்புத்திருக்கை என்பார்களே, அந்தச் சாதி. 2011-ல் யுனெஸ்கோ அந்த அடோலை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. விரிகுடாவில் காற்று உருளையோடு முக்குளிக்க அனுமதி இல்லை. மேலே மிதந்தபடி பார்க்கலாம், நேரக் கட்டுப்பாடும் உண்டு. மாண்டாவைத் தொட்டுப் பார்க்கலாம் என்று சொல்லும் வழிகாட்டியை விட்டு விலகிவிடுங்கள்.

பா அடோலுக்குக் கடல் விமானத்தில் போகிறார்கள். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். நீங்கள் பிற்பகல் மூன்றரை மணிக்குள் மாலேயில் இறங்காவிட்டால் அன்றிரவு அங்கேயே அறை எடுக்க வேண்டிவரலாம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது வழக்கமான வரம்பு. போக வர ஆளுக்கு 400 முதல் 600 டாலர் வரை ஆகும். தரவந்தூ தீவில் உள்நாட்டு விமான நிலையம் இருக்கிறது; அங்கே இறங்கிப் படகில் போகும் வழியை விடுதியிடம் கேளுங்கள்.

இனி கணக்கு. இரவுக்கு 600 என்றால் நான்கு இரவுக்கு 2,400. அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 240. இரண்டும் சேர்ந்த 2,640-க்கு 17 சதவீதம் சுற்றுலா வரி (2025 ஜூலையிலிருந்து இந்த விகிதம்), ஏறக்குறைய 449. பசுமை வரி ஆளுக்கு இரவுக்கு 12 டாலர் வீதம் 96. மொத்தம் 3,185-ஐத் தொடும். விளம்பரத்தில் கண்டதைவிட 785 டாலர் கூடுதல். பயணக் கட்டணம் இன்னும் இதில் சேரவில்லை. 'எல்லா வரியும் சேர்த்து, போக்குவரத்தும் சேர்த்து எவ்வளவு' என்று எழுத்தில் வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். என்னைக் கேட்டால் நான்கு இரவை மூன்றாகக் குறைத்து, மிச்சத்தில் தரவந்தூவின் சாதாரண விருந்தினர் இல்லம் ஒன்றில் ஓரிரவு தங்கலாம். ஹனிஃபாரு அங்கிருந்து கூப்பிடு தூரம். உள்ளூர் மக்கள் வாழும் தீவு என்பதால் உடையில் மட்டும் அடக்கம் வேண்டும்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பெரும்பாலான விடுதிகளில் இந்தியச் சமையல்காரர் ஒருவராவது இருப்பார். ஆனால் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதினால் மீன் சாற்றில் கொதித்த சூப் வந்து சேரும். மீன், முட்டை, மாசிக் கருவாடு எதுவும் கூடாது என்று முன்கூட்டியே விவரமாக எழுதுங்கள். நம் தூத்துக்குடித் தோணிகள் பருப்பும் வெங்காயமும் ஏற்றிப்போன நாடு அது. அங்கிருந்து நமக்கு வந்தது அந்த மாசிக் கருவாடு. கணவர் சூரையே சாப்பிடட்டும். அங்கே அதைத் தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள், வலையில் வாரி அள்ளுவதில்லை.

சுற்றுலா போகும் இந்தியருக்கு விசா அங்கே இறங்கியதும் இலவசம். புறப்படுமுன் 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவுக் குடிவரவுத் துறையின் 'இமுகா' இணையதளத்தில் பயண விவரத்தைப் பதிந்துவிடுங்கள். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை எடுத்துச் செல்லுங்கள். களிம்பு பூசுவதைவிடப் பவளத்துக்கு அது நல்லது. திரும்பும்போது பவளத் துண்டு எதையும் பெட்டியில் போடாதீர்கள். கொண்டுவரத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள்.