கோமன் அமைப்பு சொன்ன காரணம்

வணக்கம் சார்,

நான் டல்லாஸ் பக்கத்துல வேலை பாக்குறேன். எங்க ஆபீஸ்ல வருஷா வருஷம் சூசன் ஜி. கோமன் அமைப்போட மார்பக கேன்சர் நடைக்கு ஒரு டீம் போவாங்க. இந்த தடவை நானும் பேர் குடுத்துட்டு டொனேஷன் கேட்டப்ப, கூட வேலை பாக்குற அம்மா ஒருத்தங்க "2012-ல அவங்க பண்ணத நான் மறக்கல, ஒரு டாலர் கூட தரமாட்டேன்"னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. அப்புறம்தான் தேடிப் படிச்சேன், கருக்கலைப்பும் செய்யற பிளான்ட் பேரன்ட்ஹுட்ங்கற மருத்துவ அமைப்புக்கு குடுத்துட்டு இருந்த கிரான்ட்ட, அதாவது நிதியுதவிய, கோமன் அப்ப நிறுத்திட்டாங்களாம், எதிர்ப்பு வந்ததும் முடிவ மாத்திட்டாங்களாம். நீங்க அதப்பத்தி முன்னாடி எழுதினதும் கிடைச்சுது, அதுலயும் கோவம்தான் தெரிஞ்சுது. எனக்கு இது புரியல சார். அது ஒரு பிரைவேட் சாரிட்டி, யாருக்கு கிரான்ட் குடுக்கணும்னு அவங்கதானே முடிவு பண்ணனும்? கருக்கலைப்ப ஏத்துக்காதவங்களும் அவங்களுக்கு காசு குடுத்திருப்பாங்க, அவங்க மனசாட்சிக்கு மதிப்பு இல்லையா? மூணு நாள்ல கூட்டத்துக்கு பயந்து முடிவ மாத்தினது அதவிட மோசம் இல்லையா? கடைசியா, நான் நடக்கவா வேணாமா? என் பேர் போட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

நீங்க சொன்னதுல பாதி எனக்கும் சம்மதம்தான், அத முதல்லயே சொல்லிடுறேன். பிளான்ட் பேரன்ட்ஹுட்டுக்கு கோமன் பணம் குடுத்தே ஆகணும்னு எந்த சட்டமும் கிடையாது. ஒரு அமைப்பு தன் கிரான்ட்ட நிறுத்தலாம், வேற இடத்துக்கு மாத்தலாம், அது அவங்க உரிமை. என் கோவம் நிறுத்தினதுல இல்ல, நிறுத்துறதுக்கு அவங்க சொன்ன காரணத்துல இருக்கு. இது ரெண்டும் வேற வேறன்னு புரிஞ்சா அந்த அம்மா ஏன் இத்தன வருஷம் கழிச்சும் அப்படி சொன்னாங்கன்னு புரிஞ்சிடும்.

நடந்தத கொஞ்சம் வரிசையா பாப்போம். 2011-ல கோமன்கிட்ட இருந்து பிளான்ட் பேரன்ட்ஹுட்டுக்கு போனது சுமார் 6,80,000 டாலர். அது கருக்கலைப்புக்கு போகல, மார்பகப் பரிசோதனைக்குத்தான் போச்சு. அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்துல அந்த பணத்துல 1,70,000 பரிசோதனை நடந்துருக்கு, 6,400 பேர மேமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, அனுப்பிருக்காங்க. 2011 செப்டம்பர்ல ஃப்ளோரிடாவோட ரிபப்ளிகன் எம்.பி. கிளிஃப் ஸ்டெர்ன்ஸ், அரசாங்கப் பணம் கருக்கலைப்புக்கு போகுதான்னு பிளான்ட் பேரன்ட்ஹுட் மேல ஒரு விசாரணைய ஆரம்பிக்கிறாரு. அந்த வருஷ முடிவுல கோமன்ல ஒரு புது விதி வருது, அரசாங்க விசாரணையில இருக்கிற எந்த அமைப்புக்கும் கிரான்ட் இல்லன்னு. 2012 ஜனவரி 31 அன்னைக்கு இந்த செய்தி ஏபி செய்தி நிறுவனம் மூலமா வெளிய வருது. பிப்ரவரி 3 அன்னைக்கு கோமன் மன்னிப்பு கேட்டு விதிய மாத்துது. பிப்ரவரி 7 அன்னைக்கு அவங்க பொதுக்கொள்கை பிரிவோட சீனியர் வைஸ் பிரசிடென்ட் கேரன் ஹேண்டல் ராஜினாமா பண்றாங்க. மொத்தமும் எட்டு நாள்தான்.

இப்ப அந்த விதியப் பாருங்க. பாக்க எல்லாருக்கும் பொதுவான, நியாயமான விதி மாதிரிதான் இருக்கு, விசாரணையில இருக்கிறவங்களுக்கு ஏன் காசு குடுக்கணும்னு யாரும் கேக்கலாம். ஆனா அதே சமயத்துல பென் ஸ்டேட் யுனிவர்சிட்டி மேல, குழந்தைகள் மேல நடந்த பாலியல் வன்கொடுமை விவகாரத்துல ஃபெடரல் விசாரணை ஓடிட்டு இருந்துச்சு, அந்த யுனிவர்சிட்டிக்கு கோமன் 2008-ல குடுத்த 75 லட்சம் டாலர் கிரான்ட்ட யாரும் தொடல. விதி உண்மையிலேயே பொதுவா இருந்தா அங்கயும் கேள்வி வந்திருக்கணும் இல்லையா. அதோட ஹேண்டல் 2010-ல ஜார்ஜியா கவர்னர் தேர்தலுக்கு கட்சிக்குள்ள போட்டி போட்டப்ப பிளான்ட் பேரன்ட்ஹுட்டுக்கு போற பணத்த நிறுத்துவேன்னு வெளிப்படையா சொன்னவங்க, அடுத்த வருஷம் கோமன்ல சேர்றாங்க, அதே வருஷம் இந்த விதி வருது. போர்டு பாத்து, யாரும் எதிர்ப்பு சொல்லாத முடிவுதான்னு அவங்க ராஜினாமா கடிதத்துல சொன்னாங்க, தன் பங்கயும் மறைக்கல, அந்த நேர்மைய நான் மதிக்கிறேன். ஆனா உள்ள இருந்தவங்க வேற சொன்னாங்க, பிளான்ட் பேரன்ட்ஹுட்ட வெளிய தள்ளத்தான் இந்த விதியே எழுதப்பட்டுச்சுன்னு ஜெஃப்ரி கோல்ட்பெர்க் அட்லாண்டிக் பத்திரிகையில உள்ள இருக்கிறவங்க வாயாலயே எழுதினாரு. கிரான்ட் வேலைய பாத்துட்டு இருந்த மாலி வில்லியம்ஸ் இந்த முடிவால வேலைய விட்டாங்கங்கறதும் அதுலதான் வந்துச்சு.

இதுக்கு மேல என்ன ஆச்சுன்னா, அமைப்ப ஆரம்பிச்ச நான்சி பிரிங்கரே டிவியில வந்து வேற காரணம் சொன்னாங்க. விசாரணை ஒண்ணு மட்டும் இல்ல, பிளான்ட் பேரன்ட்ஹுட் நேரடியா மேமோகிராம் எடுக்கிறது இல்ல, வேற இடத்துக்கு அனுப்புறாங்க, நாங்க நேரடியா செய்யறவங்களுக்கு குடுக்கப் போறோம்னாங்க. பேட்டி எடுத்த ஆண்ட்ரியா மிட்செல் தனக்கும் மார்பக கேன்சர் இருக்குன்னு சில மாசம் முன்னாடி வெளிய சொன்னவங்க. ரெண்டு நாள்ல ரெண்டு காரணம். ரெண்டாவது காரணத்த முதல்லயே தனியா சொல்லிருந்தா அது வாதிடக்கூடிய காரணம்தான், நானே உக்காந்து யோசிச்சிருப்பேன். ஆனா முதல் காரணம் நிக்கலன்னு தெரிஞ்சதும் எடுத்து வெச்ச ரெண்டாவது காரணத்த யார் நம்புவாங்க?

ஏன் இத இவ்வளவு பெருசா எடுத்துக்கிறேன்னு கேப்பீங்க. கடையில ஒரு பொருள் வாங்கினா நல்லா இருக்கா இல்லையான்னு வாங்கினவனுக்கே தெரியும், நல்லா இல்லன்னா அடுத்த தடவை போக மாட்டான். சாரிட்டியில காசு குடுக்கிறது ஒருத்தர், பலன் போய் சேர்றது யாருன்னே தெரியாத இன்னொருத்தர். குடுத்தவருக்கு அந்த பரிசோதனை நடந்துச்சான்னு தெரியாது, பரிசோதனைக்கு வந்த பொண்ணுக்கு அடுத்த வருஷம் அது இருக்குமா இல்லையான்னு முடிவு பண்ற மீட்டிங்ல இடம் கிடையாது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறது அந்த அமைப்போட வார்த்தை மட்டும்தான். அதனால ஒரு சாரிட்டி "இதுக்காகத்தான் இத செய்யறோம்"னு சொன்னா அது அப்படியே உண்மையா இருக்கணும், அதுல சலுகையே கிடையாது. அது போயிட்டா அப்புறம் அவங்ககிட்ட இருக்கிறது மார்பக கேன்சர் விழிப்புணர்வுக்கு அடையாளமா குத்திக்கிற பிங்க் ரிப்பன் மட்டும்தான்.

மனசாட்சி பத்தி கேட்டீங்க, அது நல்ல கேள்வி, அத நான் தட்டிக்கழிக்கல. கருக்கலைப்ப எதிர்க்கிறவங்க பல வருஷமா கோமன கேட்டுட்டுதான் இருந்தாங்க. 2011-ல ஒஹையோவுல டொலீடோ பிஷப் கோமனுக்கு நிதி திரட்ட வேண்டாம்னு சொன்னாரு. அந்த டிசம்பர்ல கிறிஸ்துவ புத்தகங்கள் போடுற லைஃப்வே அமைப்பு, விக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு டாலர் கோமனுக்கு போகும்னு போட்ட பிங்க் பைபிளயே கடையில இருந்து திரும்ப எடுத்துச்சு. இவங்க தன் நம்பிக்கைய வெளிப்படையா சொன்னவங்க, அதுல எனக்கு குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கோமனும் அதே மாதிரி வெளிப்படையா, "இந்த விஷயம் எங்க ஆதரவாளர்கள ரெண்டா பிரிக்குது, அதனால இந்த கிரான்ட்டோட நிறுத்திக்கிறோம், அந்த பொண்ணுங்களுக்கு இந்த இந்த கிளினிக்ல ஏற்பாடு பண்ணிட்டோம்"னு சொல்லிருந்தா? கத்தல் இருந்திருக்கும், ஆனா பொய் சொன்னாங்கன்னு யாரும் சொல்லிருக்க முடியாது. மனசாட்சிக்கு மதிப்பு குடுக்கணும்னா அத மனசாட்சின்னே சொல்லணும், நிர்வாக விதின்னு பேர் மாத்தி வெக்கக்கூடாது. கடைசியில ரெண்டு பக்கமும் ஏமாந்துச்சு, நிறுத்தினப்ப ஒரு பக்கம் போச்சு, திருப்பி சேத்தப்ப இன்னொரு பக்கம் போச்சு.

கூட்டத்துக்கு பயந்து மாத்தினாங்கன்னு சொன்னீங்க. பயந்தாங்கதான், 26 செனட்டர்கள் கடிதம் எழுதினாங்க, நியூயார்க் மேயரா இருந்த ப்ளூம்பெர்க் 2,50,000 டாலர் வரைக்கும் தன் கைக்காசு தரேன்னாரு, பிளான்ட் பேரன்ட்ஹுட்டுக்கு சில நாள்லயே சுமார் 30 லட்சம் டாலர் வந்து சேந்துச்சு. ஆனா வெளிக்கூட்டம் மட்டும் இல்ல, கலிஃபோர்னியாவுல இருந்த கோமனோட ஏழு கிளையும் எங்களுக்கு இது சம்மதம் இல்லன்னு சொன்னாங்க. இத நீங்க கவனிக்கணும். அப்ப திரட்டுற நிதியில முக்கால் பங்கு வரைக்கும் உள்ளூர்லயே செலவாகும், மீதி தேசிய ஆராய்ச்சிக்கு போகும், அதான் கோமன் நடந்த விதம். எந்த தெருவுல எந்த கிளினிக் இருக்கு, இன்ஷூரன்ஸ் இல்லாத பொண்ணு எங்க போவாங்கறது அந்த கிளைகளுக்குத்தான் தெரியும். அவங்கள கேக்காம மேல எடுத்த முடிவுக்கு, வெயில்ல நின்னு காசு வாங்கின வாலன்டியர்கள்தான் ஜனங்களுக்கு பதில் சொல்ல வேண்டியதாச்சு. மாத்தின விதியில, கிரான்ட்ட தடுக்கணும்னா அது கிரிமினல் விசாரணையா இருக்கணும், முடிஞ்சு தீர்ப்பானதா இருக்கணும், அரசியல் விசாரணையா இருக்கக்கூடாதுன்னு எழுதினாங்க, முதல்லயே யோசிச்சிருந்தா அப்படித்தான் எழுதிருப்பாங்க. தப்பான முடிவ மாத்துறது கோழைத்தனம்னு எனக்கு தோணல.

அடி பலமாத்தான் விழுந்துச்சு. 2013 மார்ச்சோட முடிஞ்ச கணக்கு வருஷத்துல அவங்களுக்கு வந்த பணம் 22 சதவீதம் குறைஞ்சுது, மூணு நாள் நடைய பாதி ஊர்ல நிறுத்தினாங்க, பிரிங்கர் சிஇஓ பதவியில இருந்து இறங்கினாங்க. அந்த பணம் குறைஞ்சதால எத்தன கிளினிக்ல என்னென்ன நின்னுச்சோ, அத நினைச்சா எனக்கு சந்தோஷமா இல்ல. பிரிங்கர் கெட்டவங்கன்னும் நான் சொல்ல வரல, 1980-ல 36 வயசுல செத்துப்போன அக்காவுக்கு குடுத்த வாக்குக்காக 1982-ல ஆரம்பிச்ச அமைப்பு அது, மார்பக கேன்சர்ங்கற பேரையே வெளிய சொல்ல கூச்சப்பட்ட காலத்துல அத தெருவுக்கு கொண்டுவந்தவங்க அவங்க. அவ்வளவு பெரிய வேலைய செஞ்ச அமைப்பு இப்படி நடந்துச்சேங்கறதுலதான் என் வருத்தமே.

இன்னொண்ணு சொல்லணும், இது உங்க கேள்வியில இல்ல, ஆனா எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துது. அதே 2012-ல ராய்ட்டர்ஸ் ஒரு கணக்கு போட்டுச்சு, கோமன் 2011-ல வந்த பணத்துல 15 சதவீதம்தான் ஆராய்ச்சி கிரான்ட்டுக்கு போச்சு, 2008-ல அது 29 சதவீதம். ஆகஸ்ட்ல டார்ட்மவுத் டாக்டர்கள் ஸ்டீவன் வோலோஷின், லிசா ஷ்வார்ட்ஸ் ரெண்டு பேரும் பிஎம்ஜே மருத்துவ இதழ்ல கோமனோட விளம்பரத்த எடுத்து பிரிச்சு காட்டினாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா அஞ்சு வருஷம் உயிரோட இருக்கிறது 98 சதவீதம், இல்லன்னா 23 சதவீதம்னு விளம்பரம். கேக்க மேமோகிராம் எடுத்தா பொழச்சிடலாம்னு தோணும். ஆனா 64 வயசுல இறக்கப்போற ஒருத்தங்களுக்கு 60-ல கட்டி தெரிஞ்சா அஞ்சு வருஷம் தாண்டலன்னு கணக்கு, அதே ஆளுக்கு மேமோகிராம்ல 57-லயே தெரிஞ்சு 64-லயே இறந்தாலும் அஞ்சு வருஷம் தாண்டிட்டாங்கன்னு கணக்கு. ஆயுசு ஒரு நாள் கூட கூடல, புள்ளிவிவரம் மட்டும் அழகாயிடுச்சு. 50 வயசுல இருக்கிற பொண்ணுக்கு மேமோகிராமால பத்து வருஷத்துல மார்பக கேன்சர்ல இறக்குற வாய்ப்பு 0.53 சதவீதத்துல இருந்து 0.46 ஆகுதுன்னு அவங்க எழுதினாங்க. பலன் இருக்கு, சின்ன பலன். ஒரு பொண்ணு தானே முடிவு பண்ணிக்க வேண்டிய எண் இதுதான், விளம்பரம் வேற எண்ண காட்டுச்சு. இதுக்கு ஒரு செனட்டரும் கடிதம் எழுதல. கருக்கலைப்புங்கற சொல் இருந்தாதான் நாடே எழுந்து நிக்கும்னா, மீதி கேள்விகளெல்லாம் யாரு கேப்பாங்க?

நடக்கவா வேணாமான்னு கேட்டீங்க. நடங்க. 2012-ல இருந்த தலைமை இப்ப இல்ல, பழைய கிளை முறையும் 2021-ல இருந்து இல்ல, எல்லாம் ஒரே அமைப்புக்குள்ள வந்துருச்சு. ஆனா டொனேஷன் கேக்குறதுக்கு முன்னாடி வரித்துறைக்கு வருஷா வருஷம் குடுக்கிற கணக்கான அவங்களோட ஃபார்ம் 990-ஐ எடுத்து படிங்க, அமெரிக்காவுல சாரிட்டிகள் அத கேக்குறவங்களுக்கு காட்டியே ஆகணும், ஆராய்ச்சிக்கு எவ்வளவு, நோயாளிங்களுக்கு எவ்வளவு, நிதி திரட்ட எவ்வளவு, மேல இருக்கிறவங்க சம்பளம் எவ்வளவுன்னு அதுல இருக்கும். கிரான்ட் எந்த விதிப்படி குடுக்கிறாங்க, நிறுத்தினா அந்த நோயாளிங்கள எங்க அனுப்புறாங்கன்னு எழுதிக் கேளுங்க. பதில் வந்தா எனக்கும் அனுப்புங்க, போடுறேன். அந்த அம்மாகிட்ட மறுபடியும் காசு கேக்காதீங்க, அவங்க கோவத்துக்கு காரணம் இருக்கு, முடிஞ்சா நீங்க கண்டுபிடிச்ச கணக்க அவங்களுக்கு காட்டுங்க.