‘பிஎஃப்ஓஏ இல்லை’ என்ற கடிதம் போதுமா?

போதாது. தீயணைப்பு உடை டெண்டரில் விற்பவர் கொடுத்த ‘பிஎஃப்ஓஏ இல்லை’ கடிதத்தை ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரும் எண்ணெயும் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படும், உடல்நலத்துக்குக் கேடு தரக்கூடிய பிஎஃபாஸ் எனும் ஆயிரக்கணக்கான ஃப்ளோரின் சேர்மங்களில் பிஎஃப்ஓஏ ஒன்று மட்டும்தான்.

மற்ற பிஎஃபாஸ் பெரும்பாலும் உடையின் நடு அடுக்கான ஈரத்தடுப்புப் படலத்தில் இருக்கும். வெளித்துணியின் பூச்சை மாற்றிவிட்டு, அந்தப் படலத்தை டெஃப்லான் வகையிலேயே விட்டுவிடுவார்கள். அதுவும் பிஎஃபாஸ்தான்.

அதனால் வெளித்துணி, ஈரத்தடுப்பு, வெப்பத்தடுப்பு மூன்றுக்கும் தனித்தனியாக மொத்த ஃப்ளோரின் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். அப்புறம், ‘வேண்டுமென்றே சேர்த்த எந்த பிஎஃபாஸும் கூடாது’ என்ற வரி ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். வெறும் கடிதத்தை நம்பி வீரர்களின் உடம்பைப் பணயம் வைக்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: ஃப்ளோரின் இல்லாத பூச்சு தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயையும் டீசலையும் அவ்வளவாகத் தடுக்காது. எரிபொருள் ஊறிய உடை தீப்பிடிக்கக்கூடும். அதனால் சலவை ஏற்பாட்டையும் டெண்டரில் சேருங்கள்.